ஒரு மணி நேரத்துக்கு ஒரு வீடூர்

மேட்டுப்பாளையம் என்றால் தமிழ்நாட்டில் பலருக்கு ஊட்டி மலை ரயில் ஞாபகம் வரும். புதுச்சேரிக்காரர்களுக்கு அது தொழிற்பேட்டை, லாரி முனையம், அருகிலேயே கனகன் ஏரி. ஊர்ப் பெயரில் மேடு இருக்கிறது. ஆனால் 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது பெய்த மழை மேடு பள்ளம் பார்க்கவில்லை. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் பதிவானது 48.4 சென்டிமீட்டர். நகர்களுக்குள் சிக்கியவர்களை மீட்க ராணுவம் வரவேண்டியிருந்தது.

அந்த மழையைக் கன அடியில் எழுதிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஒரு சதுர கிலோமீட்டரில் 48.4 சென்டிமீட்டர் பெய்தால் அது ஏறத்தாழ 17 மில்லியன் கன அடி நீர். புதுச்சேரி மாவட்டத்துக்குள் பாயும் சங்கராபரணிக்கு மேலே, விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் வீடூர் அணையின் முழுக் கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. அதாவது, சுமார் 35 சதுர கிலோமீட்டரில் விழுந்த அன்றைய மழை போதும், காலியாகக் கிடக்கும் வீடூரைத் தளும்ப வைக்க. புதுச்சேரி மாவட்டத்தின் பரப்போ 293 சதுர கிலோமீட்டர். எட்டு வீடூர் நிறையும் நீர் இந்தச் சின்ன மாவட்டத்தின் தலையிலேயே விழுந்தது.

இருந்தும், ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் சங்கராபரணிக் கரை ஊர்கள் வீடூரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. மதகு திறந்தார்களா, எத்தனை கன அடி, தண்ணீர் வில்லியனூருக்கு எப்போது வரும் என்பதே பேச்சு.

வீடூர் பெரிய அணையல்ல. காமராசர் முதல்வராக இருந்தபோது, 1950-களின் இறுதியில் கட்டப்பட்ட மண் அணை அது. நடுவே ஒன்பது மதகுகள், இரு பக்கமும் நீளும் மண் கரை, 32 அடி நீர்மட்டம். செஞ்சி மலைப் பக்கத்திலிருந்து வரும் வராக நதியும் தொண்டியாறும் அங்கே சேர்கின்றன. பாசனம் 3,200 ஏக்கர். அதில் 2,200 தமிழ்நாட்டில், 1,000 புதுச்சேரியில். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லைக்கோடு ஊருக்குள் ஊராகப் பின்னிக் கிடக்கிறது. இந்த ஆயக்கட்டும் அதைப்போலவே இரண்டு அரசுகளுக்கும் பங்கு வைக்கப்பட்டிருக்கிறது.

சிக்கல் அணையின் அளவில் மட்டும் இல்லை. பாசனத்துக்கு வேண்டிய அணை நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தைத் தடுக்க வேண்டிய அணை காலியாக இருக்க வேண்டும். ஒரே கரைக்கு இரண்டு வேலையும் கொடுத்தால், மழைக்காலத் தொடக்கத்தில் விவசாயி நிரப்பச் சொல்வார், ஆற்றோரக் குடியிருப்புக்காரர் இறக்கச் சொல்வார். இரண்டு பேர் சொல்வதும் நியாயம். முன்கூட்டியே திறந்துவிட்டு மழை பொய்த்தால் தை மாதம் வாய்க்கால் வறளும். தேக்கி வைத்து மழை கொட்டினால், வந்ததை வந்தபடியே வெளியேற்றுவதைத் தவிர அணைக்கு வேறு வழி இருக்காது. நிரம்பிய பிறகு வெள்ளத்தைப் பொறுத்தவரை அணை இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

பெரிய அணைக்கும் இதே கதிதான். ஃபெஞ்சல் மழையின்போது, டிசம்பர் 2 அதிகாலையில், தென்பெண்ணையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வெளியேறியது. பெருக்கிப் பார்த்தால், ஒரு மணி நேரத்துக்கு ஒரு வீடூர் அணை அளவு நீர். சாத்தனூரின் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி, அதாவது பன்னிரண்டு வீடூர். அந்த அணையாலேயே வெள்ளத்தை விழுங்க முடியவில்லை என்றால், கீழே கடலூர், பாகூர் பக்கம் சிறு அணைகளைக் கட்டினால் பெருவெள்ளம் அடங்கிவிடும் என்று மேடையில் பேசுவது கணக்குத் தெரியாத பேச்சு.

மண் அணைக்குத் தனியாக ஒரு பலவீனம் உண்டு. கான்கிரீட் சுவரின் மேல் தண்ணீர் வழிந்தால் சுவர் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். மண் கரையின் மேல் வழிந்தால், வெளிச்சரிவை அரித்து, சில மணி நேரத்தில் கரையையே எடுத்துக்கொண்டு போய்விடும். இன்னொன்று உள்ளே நடப்பது: நண்டு வளை, எலி வளை, பட்டுப்போன மரத்தின் வேர் என ஏதோ ஒரு வழியில் கசியத் தொடங்கும் நீர், மண்ணையும் சேர்த்து இழுத்து வரும். கசிவு தெளிவாக இருக்கும்வரை பயமில்லை, கலங்கி வந்தால் மண்மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். இலங்கையில் கந்தளாய்க் குளத்தின் கரை 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆந்திரத்தில் செய்யேறு ஆற்றின் அன்னமய்யா அணை, மேலே பிஞ்சா அணையின் கரை உடைந்து வந்த நீரும் சேர, 2021 நவம்பர் 19 அன்று மண் கரையை இழந்தது. கீழே இருந்த ஊர்களுக்கு யோசிக்கக்கூட நேரம் இல்லை.

இதையெல்லாம் பழைய ஆட்கள் அறியாமலா இருந்தார்கள்? புதுச்சேரியின் இரண்டு பெரிய ஏரிகளைப் பாருங்கள். ஊசுட்டேரி சங்கராபரணிக்குக் குறுக்கே கட்டப்படவில்லை; ஆற்று நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக ஏரிக்கு வருகிறது. பாகூர் ஏரி தென்பெண்ணையின் குறுக்கே இல்லை. சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரியும் பங்காரு வாய்க்கால் அதை நிரப்புகிறது. பங்காரி, சிங்காரி என்ற இரு சகோதரிகள் வெட்டிய வாய்க்கால் என்று ஊரில் கதை சொல்வார்கள். கதையை விடுங்கள், அமைப்பைக் கவனிக்க வேண்டும். ஆற்றின் மார்பில் மண்ணைக் கொட்டாமல், ஆற்றின் தோளிலிருந்து கொஞ்சம் நீரைப் பக்கவாட்டில் இழுத்து, தாழ்வான நீண்ட கரைக்குள் பரப்பி வைத்தார்கள். கரை உயரம் குறைவு என்பதால் உடைந்தாலும் சேதம் அளவோடு நின்றது. மிஞ்சியது கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குப் போனது. புதுச்சேரிப் பகுதியில் இப்படி 84 ஏரிகள். சிறுவெள்ளத்தைப் பொறுத்தவரை அத்தனையும் சேர்ந்துதான் ஒரு அணை.

வெள்ளத்துக்கென்றே மண் அணை கட்டியவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 1913-இல் டேட்டன் நகரம் மூழ்கி, அந்தப் பள்ளத்தாக்கில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, ஆர்தர் மார்கன் என்ற பொறியாளர் ஐந்து மண் அணைகளை வடிவமைத்தார். 1922-இல் பணி முடிந்தது. அவற்றில் மதகே கிடையாது. அடியில் எப்போதும் திறந்தே இருக்கும் கான்கிரீட் வழி மட்டும். சாதாரண நாளில் ஆறு தன் பாட்டுக்கு ஓடும், அணைக்குப் பின்னால் பயிர் செய்வார்கள். வெள்ளம் வந்தால் வழி கொள்ளாத நீர் தானாகத் தேங்கி, தானாக வடியும். இரண்டாயிரம் தடவைக்கு மேல் அவை இப்படித் தேக்கியிருக்கின்றன. யாரும் நள்ளிரவில் மதகைத் திறக்க உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. நம் ஊரில் ஆண்டு முழுதும் காலியாகக் கிடக்கும் ஓர் அணையைக் கட்டினால், வீண் செலவு என்று முதல் கோடையிலேயே தணிக்கைக் குறிப்பு எழுதிவிடுவார்கள்! பின்னால் காலியாக விட்ட நிலத்தில் ஐந்தாவது ஆண்டு மனை போட்டிருப்பார்கள் என்ற பயமும் இருக்கிறது.

ஆகவே வீடூரை வெறும் வெள்ளத்தடுப்பு அணையாக மாற்றச் சொல்வது நடக்காது. 3,200 ஏக்கருக்கு யார் பதில் சொல்வது? நடக்கக்கூடியது வேறு. வடகிழக்குப் பருவமழையில் எந்த மாதம் எத்தனை அடிவரை தேக்கலாம் என்ற அட்டவணை இரண்டு அரசுகளின் கையெழுத்தோடு இருந்து, அது ஆற்றங்கரை ஆரியப்பாளையத்துத் தேநீர்க் கடைக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மதகு திறந்த பிறகு வரும் எச்சரிக்கையைவிட, செஞ்சி, மயிலம் பக்கம் பெய்யும்போதே வரும் எச்சரிக்கைக்குச் சில மணி நேரம் கூடுதல் மதிப்பு உண்டு. ஒரு கட்டில், இரண்டு மாடு, சான்றிதழ்ப் பை ஆகியவற்றை மேட்டுக்கு ஏற்ற அந்த நேரம் போதும்.

ஏரிக்கரைகளின் விஷயத்தில் சட்டமும் ஓட்டையாகத்தான் இருக்கிறது. 2021-இன் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளையும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றையும்தான் கணக்கில் எடுக்கிறது. நம் ஏரிக்கரைகள் பெரும்பாலும் அந்த உயரத்துக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. அவற்றுக்கு ஒரு காலத்தில் ஊரார் இருந்தார்கள். பிரெஞ்சு ஆட்சியில் விவசாயிகளின் சங்கங்கள் பணம் திரட்டிக் கரையையும் வாய்க்காலையும் பார்த்துக்கொண்டன. பிறகு பொறுப்பு பொதுப்பணித் துறைக்குப் போனது. 1999-இல் ஐரோப்பிய ஒன்றிய நிதியோடு தொடங்கிய ஏரிப் புனரமைப்புத் திட்டம் மறுபடி ஊர்ச் சங்கங்களை அமைத்தது. நிதி வருகிறவரை சங்கம் கூடும். பிறகு கூட்டப் பதிவேடு மட்டும் மிஞ்சும் என்பது இப்படிப்பட்ட திட்டங்களில் பார்த்துப் பழகியதுதான்.

மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்துக் கனகன் ஏரிக்கு ஆற்றுப் பெருவெள்ளத்தைத் தடுக்கும் சக்தி இல்லை. ஆனால் அக்கம்பக்கத்துத் தெருக்களில் விழும் மழை ஒதுங்க ஓர் இடம் அது. அதன் கலங்கலிலிருந்து நீர் போகும் வழியில் எத்தனை மதில் சுவர், எத்தனை சிறுபாலம், எத்தனை குப்பை அடைப்பு என்று ஓர் இளநிலைப் பொறியாளர் ஆவணி மாதத்திலேயே நடந்து பார்த்துவிடலாம். அதற்கு டெண்டர் தேவையில்லை, ஒரு நாள் போதும்.