நாள் குறித்துப் பிரிவோம்

நம் சங்கத்தில் புதிய மாணவர்களுக்கு வரவேற்பு விழா நடந்த அன்று மூத்த நண்பர் ஒருவர் பேசினார். "வீட்டு ஏக்கமெல்லாம் ஒரு மாதம். தில்லிக் குளிர் வந்தால் அதுவும் உறைந்துவிடும்" என்றார். அரங்கம் கைதட்டிச் சிரித்தது. கடைசி வரிசையில் ஒரு மாணவர் மட்டும் சிரிக்காமல், மடியில் இருந்த கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உள்ளத்தில் என்ன இருந்ததோ அறியேன். எனக்கு என் முதலாண்டு நினைவுக்கு வந்தது.

அந்தப் பங்குனியில் ஒரு மாலை அம்மாவை அழைத்தேன், எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தேன். அரை மணியில் பதினான்கு முறை! கை நடுங்கியது, சோறு இறங்கவில்லை. எதிர்வீட்டு அத்தையை அழைத்து, ஓடிப்போய்ப் பார்க்கச் சொன்னேன். அம்மா மொட்டை மாடியில் காய்ந்த வடகத்தை அள்ளிக்கொண்டிருந்தாராம். கைப்பேசி அடுக்களையில் கிடந்ததாம். அவ்வளவுதான் செய்தி. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. மறுவாரம் இடைப்பருவத் தேர்வை விட்டுவிட்டு வண்டி ஏறினேன். இரண்டு இரவுகள், 2,000 கிலோமீட்டருக்கு மேல். வாசலில் என்னைக் கண்ட அம்மா மகிழவில்லை, அஞ்சினார். "யாருக்கு என்னப்பா?" என்பதே அவர் முதற் கேள்வி.

எனக்கு ஒன்பது வயதில், காலையில் வேலைக்குச் சென்ற என் தந்தை மாலையில் திரும்பவில்லை. இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை.

இது கோழைத்தனமா? நம் முன்னோர் அப்படிக் கருதவில்லை. வள்ளுவர் 'பிரிவாற்றாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். குறளில் அது 116ஆவது. பாலைத் திணையின் உரிப்பொருளே பிரிவு. ஆற்றாது வருந்துவோர் அங்கே குழந்தைகள் அல்லர், வளர்ந்தவர்கள். மேலை மருத்துவமோ இதை நெடுங்காலம் குழந்தை நோயாகவே எண்ணியிருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டின் ஐந்தாம் பதிப்பில்தான், இது பதினெட்டு வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும் என்ற வரம்பு நீங்கியது.

குழந்தைகளிடமிருந்தும் நாம் கற்பதற்கு ஒன்று உண்டு. 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் இங்கிலாந்தில் ஒரு படம் வெளியிட்டார். சிறு அறுவைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியின் படம் அது. பெற்றோர் உடன் தங்க அக்காலத்தில் அங்கே இடமில்லை. அவரும் ஜான் பௌல்பியும் இத்தகைய குழந்தைகளிடம் மூன்று நிலைகளைக் கண்டனர்: முதலில் அழுது எதிர்ப்பது, பிறகு சோர்ந்து ஏங்குவது, கடைசியில் விலகி அடங்கிவிடுவது. அடங்கிய குழந்தையைத்தான் 'தேறிவிட்டது' என்று பிறர் நினைத்தனர். ராபர்ட்சன் அஞ்சியது அந்த அடக்கத்தைக் கண்டுதான். நம் விடுதியில் ஒரு மாதத்தில் 'பழகிவிட்ட' மாணவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு இது தோன்றும்.

சிரித்து அடக்குவது மருந்தன்று என்றால், நாள் முழுதும் அழைத்துக்கொண்டிருப்பது மருந்தா? அதுவும் அன்று என்பதே என் கருத்து. ஒவ்வொரு முறை அம்மா குரல் கேட்டதும் நெஞ்சு ஆறும். ஆனால் மனம் கற்றுக்கொள்வது என்ன? 'அழைத்ததால் பிழைத்தேன்' என்பதைத்தான். அடுத்த அச்சம் முன்னிலும் விரைந்து வருகிறது. பதினான்கு அழைப்புகள் ஒரே நாளில் வந்தவையல்ல. இரண்டில் தொடங்கி வளர்ந்தவை.

சங்கப் பாடல்களில் தலைவன் பிரியும்போது பருவம் குறித்துப் பிரிகிறான்; கார்காலத்தில் வருவேன் என்கிறான். முல்லையில் தலைவி ஆற்றியிருப்பது அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டுதான். கல்விக்காகப் பிரிவதும் மூன்றாண்டைக் கடக்கலாகாது என்கிறது தொல்காப்பியம். (நம் ஆராய்ச்சி மாணவர்கள் இதை வழிகாட்டிகளிடம் காட்ட வேண்டா!) அளவிட்ட பிரிவைத் தாங்கலாம், அளவறியாத பிரிவே கொல்கிறது.

குறித்த நாளில் திரும்பாதவர்களும் உண்டே என்பீர்கள். உண்டு, எனக்குச் சொல்ல வேண்டுமா? ஆனால் நாளைக் குறிப்பது சாவைத் தடுப்பதற்கன்று. இடைப்பட்ட நாட்களில் படிக்கவும் உண்ணவும் உறங்கவும்தான். என் தந்தை திரும்பாத மாலை ஒன்றுதான். அவர் திரும்பிய மாலைகள் எத்தனையோ ஆயிரம். அவற்றை நான் எண்ணாமல் விட்டிருந்தேன்.

அம்மாவும் நானும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். முதலில் நாள்தோறும் இரவு எட்டு மணி. இரு வாரம் கழித்து ஒன்றுவிட்டு ஒரு நாள். பிறகு புதனும் ஞாயிறும் மட்டும். இடையில் அச்சம் வந்தால் கடிகாரத்தைப் பார்த்து அரை மணி பொறுப்பது. முதற் புதன்கள் கொடியவை, மறைக்கவில்லை. இப்படிப் பல மாதம் முயன்றும் படிப்பும் உறக்கமும் கெட்டால் மனநல மருத்துவரிடம் செல்ல நாணம் வேண்டா. 2022இல் மைய அரசு தொடங்கிய டெலி மனஸ் சேவையில், 14416 என்ற எண்ணில், தமிழிலும் பேசலாம்.

விழாவில் பேசிய நண்பர் நல்லவர். என் முதல் தீபாவளிக்குத் தன் அறையில் சோறு போட்டவர். அவரிடம் ஒன்று கேட்பேன். அடுத்த ஆண்டு விழாவில் குளிர் பற்றிய நகைச்சுவையை விட்டுவிட்டு, ஊருக்கு எந்தத் தேதியில் பயணச்சீட்டு எடுத்திருக்கிறாய் என்று புதியவர் ஒவ்வொருவரையும் அவர் கேட்கட்டும். கடைசி வரிசை மாணவரை நான் அன்றே கேட்டேன். எடுக்கவில்லை என்றார். இருவரும் உட்கார்ந்து பொங்கலுக்கு எடுத்தோம். காத்திருப்போர் பட்டியலில் முப்பத்தொன்று.