குற்றம் சாட்டுபவர் வேறு, தீர்ப்பளிப்பவர் வேறு



2024 டிசம்பர் 3. இரவு பத்தரை மணி சுமாருக்கு, தென் கொரிய அதிபர் யூன் சுக் இயோல் டி.வி.யில் தோன்றி ராணுவச் சட்டத்தை அறிவித்தார். பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு டி.வி. முன் உட்கார்ந்த பெற்றோருக்கு எப்படி இருந்திருக்கும்?

நாடாளுமன்ற வாசலை போலீஸ் மறித்தது. 67 வயது சபாநாயகர் வூ வோன் ஷிக் வேலி ஏறிக் குதித்து உள்ளே போனார். நள்ளிரவு தாண்டி, வந்துசேர்ந்த 190 எம்.பி.க்களும் ஒருமனதாக அந்த அறிவிப்பை நீக்கச் சொல்லி ஓட்டுப் போட்டார்கள்.

மக்களுக்கோ கடும் கோபம். ஆனாலும் அதிபரை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட முடியவில்லை. முடியவும் கூடாது என்பதே என் எண்ணம்.

அங்கே அதிபரைப் பதவி நீக்கும் விஷயத்தில் நாடாளுமன்றத்தின் வேலை குற்றம் சாட்டுவது மட்டும்தான். அதற்கே 300 பேரில் 200 பேரின் ஆதரவு வேண்டும். ஆளுங்கட்சியினர் பெரும்பாலோர் ஓட்டுப் போடாததால் முதல் முயற்சி தோற்றது. டிசம்பர் 14 அன்று 204 பேர் ஆதரித்தார்கள். அன்று மாலையே அதிபரின் அதிகாரம் நிறுத்திவைக்கப்பட்டது. பதவி மட்டும் அப்படியே இருந்தது.

அன்று சபாநாயகர் மக்களிடம் என்ன கேட்டுக்கொண்டார் தெரியுமா? ரத்து செய்த வருடக் கடைசி விருந்துகளை மறுபடி நடத்துங்கள், சிறு கடைக்காரர்கள் தவிக்கிறார்கள் என்றார். மேலிடத்துக் குழப்பம் முதலில் இடிப்பது சின்ன ஓட்டல்காரரின் கல்லாவில்தானே?

அடுத்து, வழக்கு அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே குறைந்தது ஆறு நீதிபதிகள் சம்மதித்தால்தான் பதவி பறிபோகும். 11 அமர்வுகள் நடந்தன. அதிபரே நேரில் வந்து தன் தரப்பைச் சொன்னார். 2025 ஏப்ரல் 4-ல் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். சிறையா இல்லையா என்பது தனி கிரிமினல் வழக்கின் விஷயம். 60 நாட்களுக்குள், ஜூன் 3-ல் புதிய தேர்தலும் நடந்து முடிந்தது.

இதற்கு நான்கு மாதமா என்று சலிப்பு வரலாம். ஆனால், 2004-ல் அதே நாட்டில் அதிபர் ரோ மூ ஹியூன் மீது 193 எம்.பி.க்கள் குற்றம் சாட்டினார்கள். இரண்டு மாதம் விசாரித்த நீதிமன்றம், தவறு உண்டு, ஆனால் பதவியைப் பறிக்கும் அளவுக்கு இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்பியது. நாடாளுமன்றமே தீர்ப்பும் சொல்லியிருந்தால், ஜனங்கள் போட்ட ஓட்டுக்கு என்ன மதிப்பு?

வீட்டில் பிள்ளைகள் சண்டையிலும் புகார் சொன்னவனையே தண்டனை கொடுக்கச் சொல்வோமா? மாட்டோம்.

எனவே, எந்த நாட்டு அதிபர் மீதும் பதவி நீக்கத் தீர்மானம் என்று செய்தி வந்தால், யார் ஜெயித்தார் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். குற்றம் சாட்டியவர் யார்? விசாரித்தவர் யார்? எதிர்த்தரப்பு பேச வாய்ப்பு கிடைத்ததா? இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் சரியாக இருந்தால், தீர்ப்பு நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதை நம்பலாம்.

அன்புடன்,
ஆசிரியர்