தங்கத்துக்கு மாற்றாம்... யார் சொன்னது?

இஸ்லாமியக் கலை பற்றிய புத்தகங்களில் லஸ்டர் பீங்கான் என்று வந்துவிட்டால் பெரும்பாலும் ஒரே பல்லவிதான். தங்கப் பாத்திரத்திலும் வெள்ளிப் பாத்திரத்திலும் உண்ணவோ பருகவோ கூடாது என்று நபிமொழி தடுக்கிறது, அதனால் தங்கம் போல மின்னும் மண் தட்டைக் கண்டுபிடித்தார்கள். முடிந்தது கதை! பரீட்சையில் ஒரே வரியில் எழுதிவிட வசதியாகத்தான் இருக்கிறது. சான்றுகளை எடுத்து வைத்தால்தான் சிக்கல்.

முதலாவது, இந்த வித்தை பீங்கானில் பிறக்கவே இல்லை. கண்ணாடியில் பிறந்தது. கி.பி. 773-இல் எகிப்தில் ஆளுநராக இருந்தவரின் பெயர் தாங்கிய லஸ்டர் கண்ணாடிக் கோப்பை ஒன்று கெய்ரோவில் இருக்கிறது. பீங்கானுக்கு இது வந்தது 9-ஆம் நூற்றாண்டு இராக்கில். 836 முதல் 892 வரை அப்பாசியத் தலைநகராக இருந்த சாமர்ராவின் காலத்துத் துண்டுகளைப் பாருங்கள். மாணிக்கச் சிவப்பு, பழுப்பு, மஞ்சள், ஆலிவ் பச்சை என்று ஒரே தட்டில் பல நிறங்கள். தங்கத்துக்கு மாற்று தேடியவன் ஆலிவ் பச்சையில் போய் ஏன் நிற்கிறான்? ஒற்றைப் பொன்னிறம் நிலைத்தது அதற்குப் பிறகுதான்.

அடுத்து, தடை பாத்திரத்துக்குத்தானே? துனிசியாவில் கைரவான் பெரிய பள்ளிவாசலின் மிஹ்ராபைச் சுற்றி 9-ஆம் நூற்றாண்டு லஸ்டர் ஓடுகள் நூற்றுக்கும் மேல் பதித்திருக்கிறார்கள். ஈரானின் வராமினில், இமாம்ஜாதா யஹ்யாவுக்கு 1265-இல் செய்த மிஹ்ராப் முழுக்க லஸ்டர்தான். (அது இப்போது இருப்பது ஹொனலுலுவில், டோரிஸ் டியூக் கட்டிய மாளிகையில். அது தனி வயிற்றெரிச்சல்.) சுவரில் சோறு போட்டுச் சாப்பிட்டார்களா என்ன?

தடை இல்லாதவர்கள் கதை இன்னும் வேடிக்கை. ஃபாத்திமியர் காலத்து எகிப்தில் ஸஅத் என்ற பெயர் பொறித்த லஸ்டர் கிண்ணத்தில் தூபக்கலசம் ஏந்திய பாதிரியார் நிற்கிறார். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியச் சீமான்கள் தங்கள் குலச்சின்னம் போட்ட லஸ்டர் தட்டுகளை வலென்சியா பக்கத்து மனிசெஸிலிருந்து வரவழைத்தார்கள். இவர்களுக்கு எந்த ஹதீஸ் தடை? மறுபக்கம், தடைக்கு உட்பட்ட அரசர்களோ தங்கப் பாத்திரத்தை விட்டபாடில்லை. 1060-களில் ஃபாத்திமியக் கருவூலம் சூறையானபோது வெளிவந்த குவியலில் தங்கமும் வெள்ளியும் ஏராளம்.

இந்த ஒருவரிக் கதை செய்யும் பெரிய அநியாயம், குயவனின் மூளையை மறைப்பதுதான். ஏற்கெனவே மெருகிட்டுச் சுட்ட தட்டின்மேல் வெள்ளி, செம்பு உப்புகளைக் காவிமண்ணோடும் வினிகரோடும் குழைத்துத் தீட்ட வேண்டும். பிறகு சுமார் 600 டிகிரி செல்சியஸில், காற்றை அடைத்துப் புகைமூட்டத்தில் மறுபடி சூளை. சூடு கூடினால் மெருகு இளகிக் களிமண் ஒட்டிக்கொள்ளும். குறைந்தால் மினுக்கம் வராது. ஆறியபின் கருகிய மண்ணைத் தேய்த்தால்தான் கீழே ஒளி தெரியும். அந்த ஒளி, மெருகுக்குள் புகுந்து உலோகமாக மாறிய நானோ துகள்களின் வேலை. தட்டைச் சாய்த்தால் நிறம் மாறும். தங்கம் அப்படி மாறுமா? 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பிக்கோல்பாஸோ, நூறு தட்டு சுட்டால் சில சமயம் ஆறு தேறுவதே அரிது என்று எழுதி வைத்தார். மலிவான மாற்று என்று இதைச் சொல்பவர்கள் அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கட்டும்.

காஷான் குயவர் குடும்பத்து அபுல் காசிம் 1301-இல் எழுதிய குறிப்பில், 72 மணி நேரம் மெல்லிய புகை கொடுக்கச் சொல்லிவிட்டு, நன்றாக வெந்ததைத் தங்கத்தோடு ஒப்பிடுகிறாரே என்பார்கள். உண்மைதான். சூரிய ஒளியோடும்தான் ஒப்பிடுகிறார். சூரியனுக்கு யார் தடை போட்டார்கள்?