வீடு கட்டிக் கொடுத்தால் மட்டும் போதுமா?

யுத்தத்தினால் இடம்பெயர்ந்த மக்களின் தேவைகள் எவை என்று கேட்டால், வீடு, கிணறு, மலசலகூடம், விதைநெல் என்று நாம் வரிசையாகச் சொல்லுவோம். இவை யாவும் அவசியமானவையே. ஆனால் உளநலம் அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்கிறது. அதற்கென வரும் உதவியும் ஒரு நாள் கருத்தரங்காகவோ ஒரு வருடத் திட்டமாகவோ முடிந்துவிடுகிறது. பணம் முடிய ஊழியரும் போய்விடுகிறார். அவரை நம்பி வாய் திறந்த பெண் மீண்டும் தனித்து விடப்படுகிறாள். இதனை உதவி என்று எவ்வாறு சொல்வது?

எமது மக்கள் ஒருமுறை மட்டும் இடம்பெயரவில்லை. 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தனர். 2009 இல் வன்னியிலிருந்து வந்த இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோர் முகாம்களில் வைக்கப்பட்டனர். மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. ஒவ்வொரு முறையும் வீட்டோடு அயலும் போயிற்று. கமம், பள்ளிக்கூடம், கோவில், பள்ளிவாசல், சுகதுக்கம் பேசும் உறவு யாவும் போயின. மனிதனின் மனதைத் தாங்கி நிற்பவை இவையே.

2009 இல் யாழ். மாவட்டத்தில் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. அதில் கடும் நெருக்கீட்டின் பின்னான மனவடு நோயின் அறிகுறிகள் 7 வீதமானோரிடம் காணப்பட்டன. மனச்சோர்வின் அறிகுறிகள் 22 வீதமானோரிடமும், பதகளிப்பின் அறிகுறிகள் ஏறக்குறைய 33 வீதமானோரிடமும் இருந்தன. அப்போது இடம்பெயர்ந்து இருந்தோரிடையே மனச்சோர்வு 42 வீதத்தை எட்டியது. இவ்வளவு பேரையும் வைத்தியர் ஒருவர் தனியே பார்த்து முடிக்க இயலுமா? அன்றியும், இவர்களுட் பலர் தமக்கு மனநோய் என்று சொல்லி வருவதில்லை. நெஞ்செரிவு, தலையிடி, நித்திரையின்மை என்றே வருகின்றனர். குளிசையோடு திரும்புகின்றனர். துக்கம் அப்படியே இருக்கிறது.

காணாமற்போனோரின் குடும்பங்களின் நிலை இன்னும் கொடியது. உடல் இல்லை, அந்தியேட்டியும் இல்லை, நினைவுத் திருப்பலியும் இல்லை. அழுது முடிக்கவும் வழியில்லை. “நடந்தது நடந்துவிட்டது, ஏற்றுக்கொள்” என்று அவர்களுக்குப் புத்தி சொல்வோர் உளர். மரணச் சான்றிதழை வாங்கும்படி வற்புறுத்துவோரும் உளர். அதற்குப் பதிலாக, ஆள் காணக்கிடைக்கவில்லை என்று பதியும் சான்றிதழைப் பெற 2016 ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வழி செய்தது. தாயொருத்தி எப்போது நம்பிக்கையை விடவேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை எமக்கில்லை. உண்மையைக் கேட்கும் அவளது குரல் நோயின் அறிகுறியுமல்ல.

அப்படியாயின் நாம் செய்யக்கூடியது என்ன? வழி எமக்குப் புதியதல்ல. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவருடன் பணிபுரிந்தோரும் ஆசிரியர்களையும் கிராமமட்டப் பணியாளர்களையும் இப்பணிக்குப் பயிற்றினர். 1993 இல் ‘மனவடு’ என்ற நூலும் தமிழில் வெளிவந்தது. ஐ.நா. அமைப்புகளும் ஏனைய நிறுவனங்களும் சேர்ந்து 2007 இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது: பாதுகாப்பும் அடிப்படை வசதிகளும் முதலில், அடுத்து குடும்பமும் சமூகமும், அதன்மேல் பயிற்றப்பட்ட பணியாளர், சிலருக்கு மட்டுமே வைத்திய நிபுணர்.

“இது டொக்டர்மாரின் வேலை, எமக்கேன்?” என்று கேட்பவர்கள் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். 1995 அளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டனர். அடுத்த பத்தாண்டுகளில் அத்தொகை பாதியாகக் குறைந்தது. அதற்குப் பிரதான காரணம் கொடிய பூச்சிநாசினிகள் தடைசெய்யப்பட்டமையே. வைத்தியசாலைக்கு வெளியே எடுக்கப்பட்ட ஒரு முடிவு எத்தனையோ உயிர்களைக் காத்தது!

கடும் நோய்க்கு மருந்து வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் நோயாளியை மாதாமாதம் கிளினிக்குக்கு அழைத்துச் செல்வது யார்? பஸ் காசும் அன்றைய கூலியும் யார் கொடுப்பது? கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் இதைத் தம் கூட்டங்களில் பேசட்டும். வீட்டுத்திட்டம் தீட்டும்போது பழைய அயலவரை அருகருகே குடியேற்றும்படி கேட்கட்டும். கிராமத்துக்கு ஒருவராவது பயிற்சி பெறட்டும். அவருக்குரிய சம்பளம் ஒரு வருடத்தோடு நின்றுவிடாதிருக்க அரசையும் உதவி நிறுவனங்களையும் நாம் விடாது வற்புறுத்துவோம். கட்டிய வீட்டினுள் ஒருத்தி இரவெல்லாம் விழித்திருந்தால், எமது வேலை இன்னும் முடியவில்லை.