பளு தூக்கும்போது இடுப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கணும்?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மீராபாய் சானு தூக்கியது மொத்தம் 199 கிலோ. வெண்கலம் வென்ற தாய்லாந்து வீராங்கனை தூக்கியது 200. ஒரே கிலோவில் பதக்கம் போச்சு. இவ்வளவு நுணுக்கமான விளையாட்டில், கம்பி தரையை விட்டுக் கிளம்பும் நொடியில் இடுப்பு எங்கே இருக்கிறது என்பது பெரிய கேள்வி. தென்காசி, குற்றாலம் பக்கம் ஜிம்முக்குப் போகிறவருக்கும் அதே கேள்விதான். தப்பினால் அவருக்குப் போவது பதக்கமல்ல, முதுகு.

எல்லோருக்கும் ஒரே உயரமா?

இல்லை. வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஸ்நாட்ச்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 என 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். அவர் வீடியோவைப் பார்த்து இடுப்பை அதே உயரத்தில் வைத்தால், உங்களுக்கு அது சரியாக இருக்கணும்னு இல்லை. தொடை நீளமானவருக்கு இடுப்பு பொதுவாக உயரமாகத்தான் நிற்கும்.

அப்போ எப்படிக் கண்டுபிடிப்பது?

பக்கவாட்டில் மொபைலை வைத்து வீடியோ எடுங்கள். முதுகு நேராக, தோள் கம்பிக்குச் சற்று முன்னே, எடை முழுப் பாதத்திலும் இருக்கணும். தூக்கும்போது இடுப்பும் தோளும் சேர்ந்தே உயரணும். கம்பி நகரும் முன் இடுப்பு மட்டும் மேலே ஏறினால், அதை ரொம்ப இறக்கி வைத்திருக்கிறீர்கள். இறக்கினால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் முழங்கால் முன்னே வந்து கம்பியின் பாதையை மறிக்கும். மாறாக, இடுப்பு ரொம்ப உயர்ந்தால் கால் செய்யவேண்டிய வேலை முதுகின் தலையில் விழும்.

பிளேட் சின்னதாக இருந்தால்?

போட்டியில் பெரிய பிளேட்டின் விட்டம் 45 செ.மீ. அதனால் கம்பி தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் இருக்கும். சின்ன இரும்பு பிளேட் மாட்டினால் கம்பி இன்னும் கீழே போகும், குனியும்போது முதுகு வளையும். இரண்டு பக்கமும் சம உயரத்தில் பலகை வைத்து உயர்த்துங்கள்.

நெல்லைப் பக்கம் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிறவர்கள் முதுகை வளைப்பார்களே என்று கேட்கலாம். கல்லுக்குப் பிடி கிடையாது, கட்டி அணைத்துத்தான் எடுக்கணும். கம்பிக்குப் பிடி இருக்கிறது. முதலில் இடுப்பு சரியாகட்டும், எடையை அப்புறம் ஏற்றலாம்.