பாட்டியின் பேரும் பேரனின் பாட்டும்

நூலுக்கோ இசைத்தட்டுக்கோ பெயரிடுதல் எளிய காரியமன்று. ஆக்கியோன் தன் உள்ளத்தில் எதனை முதன்மையாகக் கொண்டிருக்கிறான் என்பதைத் தலைப்பு ஒன்றே காட்டிக்கொடுத்துவிடும். தமிழகத்து அரக்கோணத்தைச் சேர்ந்த இளங்கவிஞரும் பாடகருமான அறிவு, 2024ஆம் ஆண்டில் தமது முதலாவது தனி இசைத்தொகுப்பை வெளியிட்டபோது, அதற்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பெயர் சூட்டினார். ‘ராப்’ எனப்படும் விரைவுப் பேச்சுப்பாட்டில் பாடுவோர் தம் புகழைத் தாமே பாடிக்கொள்வது வழக்கம். முதல் தொகுப்பென்றால் அவ்வழக்கத்துக்குக் குறைவிராது. இவரோ தம் பாட்டியின் பேரனாகத் தம்மை உலகுக்கு அறிமுகஞ் செய்துகொள்கிறார். அந்தப் பாட்டியார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழகம் திரும்பியவர். எனவே இத்தொகுப்பு கடல் கடந்து, கண்டிச்சீமையின் வாசலிலும் வந்து நிற்கிறது.

கண்டிச்சீமை என்ற சொல்லுக்குப் பின்னே ஒரு நெடிய துயரக் கதை உண்டு. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளை நோக்கி நடந்தவர்களும், 1867இல் கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் தேயிலை பயிராகத் தொடங்கிய பின் வந்தவர்களும் இந்நாட்டின் செல்வத்தைத் தம் கைகளால் படைத்தனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமோ அவர்களை நாடற்றோர் ஆக்கிற்று. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 975,000 பேரின் தலைவிதியை எண்களாய்ப் பகுத்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ள. தலைமன்னார் நோக்கிச் சென்ற புகைவண்டிக்கு மலையகம் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. ஒப்பந்தத்தை எழுதியவர்கள் எண்களை வைத்துப் போயினர். மக்கள் அதற்கொரு பாட்டின் பெயரை வைத்தனர். எது நின்று நிலைத்தது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

அறிவு இத்துறைக்குத் திடீரென வந்தவரல்லர். 2018இல் சென்னை மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் கானாவும் பறையும் ராப்பும் ஒன்றுகலந்தபோது அவர் குரல் அதிலே ஒலித்தது. 2019இல் இசையமைப்பாளர் ஒருவருடன் இணைந்து ‘தெருக்குரல்’ தொகுப்பைத் தந்தார். 2021இல் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ பல கோடி முறை கேட்கப்பட்டது; வள்ளியம்மாளின் நினைவு அதற்கும் ஊற்றாக இருந்தது. திரைப்படங்களுக்கும் அவர் பாட்டெழுதினார். ஆயினும் திரைக்கதையின் தேவைக்கெனப் பிறந்த பாட்டு வேறு. தன் குடும்பத்து நினைவைத் தன் பொறுப்பில் பாடும் பாட்டு வேறு. இலண்டனில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பாடகி மாதங்கி அருள்பிரகாசம் 2005இல் தமது முதல் தொகுப்புக்குத் தந்தையாரின் இயக்கப் பெயரான ‘அருளர்’ என்பதையே இட்டார். புலம்பெயர்ந்தோர் வழிவந்த இருவரும் முதலடி எடுத்து வைக்கையில் முன்னோர் பெயரையே நாடியது தற்செயல் அன்று. ஆவணம் அற்றவர்க்குப் பெயர்தான் ஆவணம்.

‘இஃது அந்நியச் சரக்கு, இதனை இலக்கிய மேடையில் ஏற்றுவதா?’ என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் எம்மிடையே உண்டு. இக்கலை 1973இல் நியூயோர்க்கின் பிரொன்க்ஸ் பகுதியில், வறுமையில் உழன்ற கறுப்பின இளைஞரிடையே உருக்கொண்டது என்பது மெய்யே. ஆனால் நாவலும் சிறுகதையுங்கூட மேனாட்டிலிருந்து வந்தவையன்றோ? மேலும், விரைந்தொலிக்கும் சொல்லோட்டம் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் கூறும் இருபது வண்ணங்களுள் உருட்டு வண்ணமும் முடுகு வண்ணமும் உள்ளன. அருணகிரியாரின் சந்தத்தில் நாவைப் பழக்கிய தமிழ் மாணவனுக்கு எதுகை, மோனை, இயைபு ஆகியவை தாளத்தின்மீது ஏறி விரைவதைக் கண்டு வியப்பு ஏற்படக் காரணமில்லை. மலையகத்தில் விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்கு எழுப்பியது தப்பு. உழைக்க அழைத்த அதே தோற்கருவி, இன்று உரிமை கேட்கும் பாட்டுக்குத் துணையாக ஒலிக்கிறது. இதில் அந்நியம் எது?

எமது இலக்கிய வரலாற்றிலும் இதற்குப் பாடம் உண்டு. 1960களின் தொடக்கத்தில் பேச்சுவழக்கில் எழுதிய முற்போக்கு எழுத்தாளரின் படைப்புகளை ‘இழிசனர் இலக்கியம்’ என்று பண்டிதர் சிலர் ஒதுக்கினர். ஒதுக்கப்பட்டவற்றுள் பல இன்று பல்கலைக்கழகங்களில் ஆய்வுப் பொருளாயின. அதற்கும் முன்னே, கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தோட்டக் கூட்டங்களில் மக்கள் அறிந்த மெட்டுகளில் தொழிலாளர் துயரைப் பாடினார். அப்பாடல்கள் 1940இல் சிறு பிரசுரமாக வந்தன. இலக்கிய மேடை அவருக்குக் காத்திருக்கவில்லை. அவரும் மேடையைக் காத்திருக்கவில்லை.

எனினும் ஏற்றுக்கொள்ளுதல் வேறு, கண்மூடிப் புகழுதல் வேறு. இத்துறையில் வெளிவருவனவற்றுள் வெற்றுத் தற்புகழ்ச்சியும், பெண்களை இழித்துரைக்கும் வாய்த்துடுக்கும், ஆங்கிலக் குழறலைத் தமிழ்மேல் ஏற்றும் போலித்தனமும் நிறைய உண்டு. வேகமும் எதுகையும் தாமாகவே அறமாகிவிட மாட்டா. இதனைக் கண்டிப் பகுதி மக்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. 2018 மார்ச் 5ஆம் திகதி திகனையில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் எரிந்தபோது, நெருப்புக்கு முன்னே சென்றது சொல். கைத்தொலைபேசி வழியே பரவிய வெறுப்புரைகள் அத்தகையன. அரசு அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்து சமூக ஊடகங்களையும் முடக்க நேர்ந்தது. தன் பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது. ராப்பும் அதே தொலைபேசியில்தான் பயணஞ் செய்கிறது. கூட்டத்தைக் கிளர்ந்தெழச் செய்யும் ஆற்றலும் அதற்குண்டு. ஆகவே ஒரு பாட்டை மதிப்பிடும்போது, ‘இது யாருடைய வாய்க்குச் சொல் கொடுக்கிறது? யாருடைய வீட்டுக்குத் தீ கொடுக்கிறது?’ என்ற இரு வினாக்களையும் கேட்டே ஆகவேண்டும். அயலானைப் பகைவனாக்கித் தன்னை உயர்த்தாமல், பாட்டியின் உழைப்பைச் சொல்லித் தன்னை அடையாளங் காட்டுவதே இத்தலைப்பின் பெருமை.

இவ்விடத்தில் எமக்கு நாமே கேட்கவேண்டிய வினாவும் ஒன்றுண்டு. இங்கிருந்து போன பாட்டியை அரக்கோணத்துப் பேரன் பாடிவிட்டான். இங்கேயே தங்கிய பாட்டிமாரை யார் பாடினர்? சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு நாட்டார் பாடல்களைத் திரட்டியிராவிடின் எமக்கு எஞ்சியிருப்பது மிகச் சொற்பமே. அவர் 1984இல் மறைந்தார். அவருக்குப் பின் அப்பணி சிலருடைய தனி ஆர்வத்தில் நடந்ததேயன்றி, கலாசாலைகளின் ஒழுங்கான கடமையாக மலரவில்லை. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் காமன்கூத்துப் பாட்டும் அறிந்த முதியோர் லயங்களிலே ஒவ்வொருவராக மறைகின்றனர்.

ஆசிரியர்கள் மனம் வைத்தால் இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டாம். தமிழ்ப் பாடத்தின் ஓர் ஒப்படையாக, மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு மூத்தோரின் பாட்டு ஒன்றை ஒலிப்பதிவு செய்து, எழுத்திலும் பெயர்த்து, பாடியவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் குறித்துவரட்டும். இலக்கிய வட்டங்கள் புதிய நூலுக்கு அறிமுக விழா எடுப்பதுபோல் புதிய இசைத்தொகுப்புக்கும் விமர்சன அரங்கு நடத்தட்டும். பாடும் இளைஞன் அங்கே முன்வரிசையில் இருந்து தன் குறையையும் கேட்கட்டும். அவனுக்கு வேண்டிய பெரும் செல்வம் அவன் பாட்டியின் வாயில் இருக்கிறது என்பதை அவனுக்கு உணர்த்தும் பொறுப்பும் எம்முடையதே.

திகனைக்கு அண்மையில், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியிலே பழைய தெல்தெனிய நகரம் மூழ்கிக் கிடக்கிறது. கடும் வரட்சியில் நீர் வற்றினால் அதன் சுவர்கள் மீண்டும் தலைகாட்டும். பாடுவார் இன்றி மறைந்த பாட்டு எந்த வரட்சியிலும் மீண்டு தெரிவதில்லை.