சபை கூடினால் சாம்ராஜ்யம் சரியுமா?

கேள்வி கேட்பவனைக் கண்டு கருவறை மட்டுமா கலங்குகிறது? நாற்காலியும் கலங்குகிறது! ஐயமிருப்பின், நகராட்சிகளின் கதையைக் கேளுங்கள், தோழர்களே.

நகராட்சிகளுக்கு அதிகாரம் வழங்கும் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்தது. 3 இலட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்களில் வார்டு குழுக்கள் அமைத்தே தீரவேண்டும் என்றது. தெருமக்களே கூடிப் பேசும் பகுதி சபைக்குத் தமிழ்நாட்டில் 2010இல் சட்டம் பிறந்தது. அதை நடத்தும் விதிகளோ 2022 ஜூனில்தான் வந்தன. பன்னிரண்டு ஆண்டு உறக்கம்! இடையில், 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை மன்றங்களே இல்லை. கோவையின் 100 வார்டுகளையும் அதிகாரிகளே ஆண்டனர். தலைவிதியை நம்பாதீர் என்றோம். கோப்பில் உறங்கும் விதியையும் நம்பியிருக்கலாகாது!

விதி வந்ததை வரவேற்கிறோம். ஆனால் அதன் உள்ளே என்ன இருக்கிறது? பகுதி சபையின் பிரதிநிதியை யார் பொறுக்குவது? தெருமக்களா? இல்லை, மன்றமே நியமிக்கும். வார்டு குழுவுக்குத் தலைமை? கவுன்சிலருக்கே! கணக்குக் கேட்க வேண்டியவரை, கணக்குச் சொல்ல வேண்டியவர்களே அமர்த்துவதா? இதற்குப் பெயர் மக்களாட்சியா, மரியாதைக் கொலுவா?

"பாமரர் கூடினால் கூச்சல்தான் மிஞ்சும், நிருவாகம் அவர்க்குத் தெரியுமா?" என்பர் மேதாவிகள். பாமரனுக்கு வாக்குரிமை கேட்ட நாளிலும் இதே பாட்டுத்தான்! மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, 2006இல் கடன் பெற்று 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக நிறுவி, மின் வாரியத்துக்கே மின்சாரம் விற்றது. ஒரு சிற்றூருக்கு இயன்றது, ஆலைநகர் கோவையின் தெருக்களுக்கு இயலாதா? சங்கனூர் ஓடை எங்கே அடைபடுகிறது என்பதைக் கரையில் வாழ்பவன் அறிவான்; மேசையில் விரித்த வரைபடம் அறியுமா?

இன்னொரு பூட்டும் உண்டு: சாதி. 2020இல் கோவை மாவட்டத்து ஊராட்சியொன்றில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட இனத்துப் பெண் தலைவர், தம் நாற்காலியில் அமரவே தடை என்று முறையிட்டார். வாக்கு தந்த உரிமையை வழக்கம் பறிக்க முனைகிறது! எனவே சபை கூடும் இடமும் கொள்கைதான். செல்வர் வீதி மண்டபத்தில் மட்டும் கூடினால், காலனி மக்கள் வாசலில்தான் நிற்பர். சேரியின் நடுவிலே நாற்காலி போடுங்கள், தூய்மைப் பணியாளர் முதலில் பேசட்டும், கவுன்சிலர் கேட்கட்டும்!

ஈரோட்டு நகராட்சித் தலைவராக இருந்து குடிநீருக்கு வழிகண்ட பெரியார், பொதுப்பணிக்காக 1919இல் அப்பதவியையே உதறினார். பதவி கருவி, மக்களே நோக்கம்.

இளைஞர்களே! உங்கள் பகுதியில் சபை என்று கூடியது, என்ன தீர்மானித்தது, எது நிறைவேறியது என்று எழுதிக் கேளுங்கள். பிரதிநிதியைத் தெருவே தேர்ந்தெடுக்க விதியைத் திருத்துக என்று முழங்குங்கள். கூட்ட மறுத்தால், நீங்களே கூட்டுங்கள். நாற்காலிக்கு நடுக்கம் வரட்டும். நாட்டுக்கு நலம் வரும்!